தண்டவாளம் வந்தது, நம் சரக்கு ஏறியதா?

 

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் ஊருக்குப் புதிதாக ஒரு சாலை வருகிறது. அல்லது ஒரு ரயில் வருகிறது. அதில் முதலில் எது ஓடும்? உங்கள் சரக்கு வெளியூருக்குப் போகுமா? வெளியூர்ச் சரக்கு உங்கள் கடைத்தெருவுக்கு வருமா? அல்லது உங்கள் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போவானா?

இந்தக் கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளாமல்தான் ஒவ்வொரு திறப்பு விழாவிலும் கை தட்டிக்கொண்டிருக்கிறோம். பாதை வந்தால் வளம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். வருமா? நம் கண் முன்னால் நடந்ததை வைத்தே பார்ப்போம்.

திருவாரூர் – காரைக்குடி ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி என்று நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்துப் பிழைக்கும் ஊர்களை ஒரே சரட்டில் கோத்த பாதை அது. நீளம் 149 கிலோமீட்டர். மீட்டர் கேஜை அகலப் பாதையாக மாற்றுகிறோம் என்று சொல்லி 2012ஆம் ஆண்டில் பகுதி பகுதியாக மூடினார்கள். காரைக்குடி – பட்டுக்கோட்டைப் பகுதி 2018இல் முடிந்தது. முழுப் பாதையிலும் பயணிகள் ரயில் ஓடியது 2019 ஜூன் மாதத்தில்! மூடியபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, ரயில் வந்தபோது எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டது. மீட்டர் கேஜ் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸில் ஏறினால் நேரே சென்னையில் இறங்கிய மக்கள், ரயிலின் சத்தத்தையே மறந்துபோனார்கள்.

யார் பணத்தில் வந்த பாதை?

இளைஞர்களே! இந்தப் பாதையின் பூர்வீகம் உங்களுக்குத் தெரியுமா? வெள்ளைக்காரன் போட்டுக் கொடுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரைக்கும் 1894ஆம் ஆண்டில் ரயில் ஓடியது. அந்தப் பாதைக்குச் சொந்தக்காரர் லண்டன் கம்பெனி அல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து ஒரு சிறு தீர்வையை ஜில்லா மக்களிடம் வசூலித்து, அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துப் பாதை போட்டார்கள். ரயிலை ஓட்டிக் கொடுத்ததுதான் சவுத் இந்தியன் ரயில்வே. சில ஆண்டுகளில் பாதை பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நீண்டது.

நெல் விளைவித்த விவசாயி கொடுத்த காசு அது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று நிலம் வைத்திருந்த எல்லாரும் கொடுத்த காசு. ஆகவே இந்தப் பாதைக்கு ரயில் கேட்டு மனு கொடுக்கப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போகாதீர்கள். தானம் கேட்கவில்லை. பாட்டனார் பணம் போட்ட சொத்தைப் பேரன் கேட்கிறான்!

இன்னொரு பாடமும் இதில் உண்டு. அன்று நம் முன்னோர் பாதை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. விளைந்த நெல்லை வெளியே அனுப்ப வழி வேண்டும் என்று முதலில் முடிவு செய்தார்கள். அதற்கான பணத்தைச் சேர்த்தார்கள். பிறகு பாதை போட்டார்கள். சரக்கு முதலில், தண்டவாளம் பிறகு. நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். தண்டவாளம் வந்துவிட்டது, எதை ஏற்றுவது என்று இன்னும் யோசிக்கவே இல்லை.

கேட் மூட ஆள் இல்லாத ரயில்

2019 ஜூனில் ரயில் வந்ததே, எப்படி வந்தது? 149 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பஸ்ஸில் போகிறவன் போய் வேலை முடித்துத் திரும்பிவிடுவான். என்ன காரணம்? என்ஜின் பழுதா? தண்டவாளம் பழுதா? இரண்டும் இல்லை. லெவல் கிராசிங்குகளில் கேட் கீப்பர்கள் இல்லை! ரயிலிலேயே ஊழியர் ஏறி வருவார். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும். அவர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார். ரயில் கடக்கும். மறுபடி நிற்கும். கேட்டைத் திறந்துவிட்டு வந்து ஏறிக்கொள்வார்கள். அடுத்த கேட்டிலும் இதே கதை.

கோடிகோடியாகச் செலவழித்துப் போட்ட பாதை, கேட் மூட ஆளில்லாமல் ஆமையாக ஊர்ந்தது. இதிலிருந்து ஒன்று புரிகிறதா? கல்லும் இரும்பும் மட்டும் பாதை அல்ல. அதை ஓட்ட ஆள் வேண்டும். நேரத்தோடு ஓட வேண்டும். வேண்டிய ஊரில் நிற்க வேண்டும். சரக்கு ஏற்ற இடம் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பாதை வெறும் காட்சிப் பொருள்தான். தாம்பரத்திலிருந்து செங்கோட்டைக்கு இந்த வழியாக விரைவு ரயில் ஓடத் தொடங்கியது 2023 ஏப்ரலில். அதுவும் தினசரி ரயிலாக அல்ல. வாரத்தில் சில நாள் ரயிலாக! முழுப் பாதை திறந்தபின் நான்கு ஆண்டுகள் நாம் காத்துக் கிடந்தோம்.

குழாய்க்கு இரண்டு வாய்

சென்ற ஆண்டு ரமலான் மாதத்தில் இந்தப் பாதையில் உள்ள ஓர் ஊருக்குப் பயான் செய்யப் போயிருந்தேன். தராவீஹ் முடிந்து கடைத்தெரு வழியாக வந்தபோது ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் உட்காரச் சொல்லித் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அறுபதைத் தாண்டியவர். நாற்பது ஆண்டுகளாக அதே இடத்தில் கடை.

“ஹஜ்ரத், ரயில் வேணும்னு கையெழுத்து வாங்கினதுல நானும் ஒருத்தன். ரோடும் அகலமாச்சு, ரயிலும் வந்துச்சு. இப்ப என்ன ஆச்சு தெரியுமா? பெருநாளைக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே குடும்பத்தோட வண்டி ஏறித் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் போயிடறாங்க. அங்கேயே துணி எடுத்துட்டு, பையைத் தூக்கிக்கிட்டு என் கடை வாசல் வழியாத்தான் வீட்டுக்குப் போறாங்க. சலாம் மட்டும் சொல்றாங்க!” என்றார்.

“காக்கா, ரயில் மேல குறை சொல்ல என்ன இருக்கு? அந்த ரயில்ல நீங்க என்ன ஏத்தினீங்க?” என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. தேநீர் ஆறிப்போகும் வரை இருவரும் பேசாமல் இருந்தோம்.

வணிகப் பெருமக்களே! பாதை என்பது குழாய் போன்றது. அதற்கு இரண்டு வாய் உண்டு. பெரிய ஊரும் சிறிய ஊரும் ஒரே குழாயால் இணைந்தால், எந்தப் பக்கம் உறிஞ்சும் பலம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும். ஜப்பானில் அதிவேக ரயில் வந்து சிற்றூர்களின் கடைகள் வெறிச்சோடியபோது, அந்நாட்டினர் அதற்கு ‘உறிஞ்சுகுழல் விளைவு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே நடந்ததுதான் இங்கே அந்தக் காக்காவின் கடை வாசலில் நடக்கிறது.

புறவழிச்சாலை வந்த ஊர்களைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் பறக்கின்றன. ஊருக்குள் வந்து நின்று, டீ குடித்து, பழம் வாங்கி, பெட்ரோல் போட்டுப் போன வண்டிகள் இப்போது ஊரின் பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துவிட்டுப் போகின்றன. பஸ் நிலையத்தை நம்பியிருந்த கடைக்காரருக்கு அது இழப்பு. புறவழிச்சாலை ஓரத்தில் நிலம் வைத்திருந்தவருக்கு அது லாபம். ஆனால் அவரும் நாலு காசு கூடக் கிடைத்ததும் தரகரிடம் விற்றுவிடுகிறார். ஐந்து வருடம் கழித்து அதே இடத்தில் வெளியூர் முதலாளியின் பெரிய கடை எழும்புகிறது. விற்றவரின் மகன் அங்கே பில் போடுகிறான்!

அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்?

நான் சொல்வது மேடைப் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆங்கிலேயர் காலத்து இந்திய ரயில்களைப் பற்றிப் பழைய கணக்கேடுகளையெல்லாம் திரட்டி டேவ் டொனால்ட்சன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். அந்த ஆய்வு 2018இல் அச்சில் வந்தது. ரயில் சென்ற மாவட்டங்களில் விவசாய வருமானம் சராசரியாக 16 சதவீதம் உயர்ந்தது என்பது அவர் கண்ட முடிவு. காரணம் என்ன? விளைந்த பொருளை அதிக விலை கிடைக்கும் இடத்துக்குக் குறைந்த செலவில் அனுப்ப முடிந்தது. அனுப்ப அவர்களிடம் பொருள் இருந்தது.

இன்னோர் ஆய்வு 2020இல் வந்தது. சாம் ஆஷர், பால் நோவோசாட் என்ற இருவர் செய்தது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் 2000ஆம் ஆண்டு முதல் இந்தியா முழுவதும் போட்ட தார்ச்சாலைகளைப் பற்றியது. சாலை வந்த நான்கு ஆண்டுகளில் கிராமத்தில் என்ன மாறியது? விவசாயத்தில் பெரிய மாற்றம் இல்லை. வருமானத்திலும் சொத்திலும் பெரிய மாற்றம் இல்லை. ஊருக்குள் இருந்த தொழில்கள் கொஞ்சம்தான் வளர்ந்தன. நன்றாக மாறியது ஒன்றே ஒன்று: விவசாய வேலையை விட்டுவிட்டு மக்கள் வேறு வேலைக்குப் போவது சுலபமானது.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஏற்றுவதற்குச் சரக்கு இருந்த ஊருக்குப் பாதை வருமானம் கொடுத்தது. வேறொன்றும் இல்லாத ஊரிலிருந்து பாதை ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. வேலை தேடிப் போவதை நான் குறை சொல்லவில்லை. நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு சபர் போன பிள்ளைகள் அனுப்பும் பணத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் ஊரின் ஒரே ஏற்றுமதி நம் பிள்ளைகள் மட்டும்தானா?

பாதையை மட்டும் நம்பிய ஊர்

இதே கடற்கரையில் தெற்கே இறங்கி இராமேஸ்வரம் தீவின் முனைக்குப் போவோம். அங்கே தனுஷ்கோடி என்று ஓர் ஊர் இருந்தது. 1914ஆம் ஆண்டில் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. சென்னையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்குப் போனார்கள். இலங்கையில் கடை வைத்திருந்த நம் பெரியவர்கள் எத்தனை பேர் அந்த வழியில் போய் வந்தார்கள்! சுங்க அலுவலகம், தபால் நிலையம், ரயில் நிலையம், கடைகள் என்று ஊர் களைகட்டியது. 1964 டிசம்பரில் புயல் அடித்தது. ரயிலோடு பயணிகளைக் கடல் கொண்டுபோனது. ஊர் அழிந்தது. பாம்பன் பாலத்தைச் சில மாதங்களில் பழுது பார்த்துவிட்டார்கள். தனுஷ்கோடி திரும்ப எழவே இல்லை. கப்பல் போக்குவரத்து இராமேஸ்வரத்துக்கு மாறியது; பிறகு 1980களில் அதுவும் நின்றது. கடந்து போகிறவர்களை மட்டும் நம்பிய ஊர், கடந்து போகிறவர்கள் நின்றதும் மணல் மேடானது.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். தூக்குப் பாலம் கொண்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டுக்கு மேல் பயணிகள் மண்டபத்தோடு இறங்கி, பஸ் பிடித்துத் தீவுக்குப் போனார்கள். தீவு பிழைத்தது. எதனால்? 1988இல் திறந்த சாலைப் பாலம் பக்கத்திலேயே இருந்தது. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி. ஊருக்கும் அப்படித்தான், வியாபாரத்துக்கும் அப்படித்தான். ஒரே வழியை, ஒரே சரக்கை, ஒரே வாடிக்கையாளரை நம்பி உட்காராதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

குறை சொல்லிவிட்டு எழுந்து போவது என் வழக்கம் அல்ல. செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, சரக்கு. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரம் என்றால் தென்னை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்தது. விவசாயி மறுபடி கன்று வைத்தான். அந்தக் காய் எங்கே போகிறது? கொப்பரை விலையைப் பேசுவது காங்கேயம். எண்ணெய் ஆட்டுவது வேறு ஊர். டப்பாவில் அடைத்து நம் கடைக்கே திரும்பி வருகிறது. நாம் கமிஷனுக்கு விற்கிறோம். உலர்களம், செக்கு, கயிற்று ஆலை, நல்ல கிட்டங்கி ஆகியவை நம் ஊரில் இருந்தால் அந்த லாபம் இங்கே தங்கும். அதிராம்பட்டினத்து உப்பும், மல்லிப்பட்டினத்து மீனும் இதே கதைதான். வளைகுடாவிலிருந்து பணத்தோடு திரும்புகிறவர்கள் மாடிமேல் மாடி கட்டுவதை ஒரு வருடம் தள்ளிப் போட்டுவிட்டு இதில் கூட்டுச் சேரட்டும்.

இரண்டாவதாக, ஒற்றுமை. சரக்கு ரயில் என்பது லாரி மாதிரி அல்ல. முழு ரயிலாக எடுத்தால் 42 வேகன். 2,500 டன்னுக்கு மேல் சரக்கு வேண்டும். எந்தத் தனி வியாபாரியும் நம் ஊரில் அதை நிரப்ப முடியாது. நூறு வியாபாரிகள் சேர்ந்தால் முடியும். விவசாயிகள் சங்கத்தோடும், மீனவர்களோடும், மற்றச் சமுதாய வணிகர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். அன்று தீர்வை கொடுத்தவர்கள் சாதி மதம் பார்த்துக் கொடுக்கவில்லை. இன்று சரக்கு ஏற்றுவதிலும் அது வேண்டாம். சிறு சரக்குக்குப் பயணிகள் ரயிலின் பார்சல் பெட்டி போதும். ஆனால் இரண்டு நிமிடம் நிற்கும் ரயிலில் எத்தனை மூட்டை ஏற்ற முடியும்? பார்சல் ஏற்றும் அளவுக்கு நிறுத்தம் வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, முறையான மனு. “எங்கள் ஊருக்கு ரயில் விடு” என்று போஸ்டர் ஒட்டினால் மட்டும் போதாது. எத்தனை மூட்டை, எந்த ஊருக்கு, எந்த மாதத்தில், இப்போது லாரி வாடகை எவ்வளவு என்று கணக்கோடு போங்கள். ரயில்வே கோட்டம் ஒவ்வொன்றிலும் ரயில் உபயோகிப்போர் ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. வர்த்தக சங்கங்களின் பிரதிநிதிகளுக்கு அதில் இடம் உண்டு. நம் வர்த்தக சங்கங்கள் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியிருக்கின்றனவா? கேட்காத வாய்க்கு யார் ஊட்டுவார்?

நான்காவதாக, இளைஞர்களே, இது உங்களுக்கு! கேட் கீப்பர் இல்லாமல் ரயில் ஊர்ந்ததைச் சொன்னேன். ரயில்வேயின் கடைநிலைப் பணிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அல்லது ஐ.டி.ஐ. போதும். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கிறார்கள். நம் தெருவிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பம் போட்டீர்கள்? பாஸ்போர்ட் எடுக்கக் காட்டும் அவசரத்தை இதில் ஏன் காட்டுவதில்லை? ஒவ்வொரு ஜமாஅத்தும் மத்ரஸா முடிந்த மாலை நேரத்தில் ஓர் அறையை ஒதுக்கிப் பயிற்சி வகுப்பு நடத்தலாம். மின்விசிறியும் பாயும் ஏற்கெனவே இருக்கின்றன. வாத்தியாருக்குச் சம்பளம் மட்டும்தான் செலவு.

ஐந்தாவதாக, கொஞ்சம் கசப்பான விஷயம். நம் கடைத்தெருவைப் பாருங்கள். கடை உள்ளே பத்தடி, வெளியே பதினைந்தடி! சாக்கடை மேல் பலகை போட்டு, ரோட்டின் மேல் சரக்கை அடுக்கி, ஆம்புலன்ஸ் போக வழியில்லாமல் செய்துவிட்டு, “புறவழிச்சாலை வந்து வியாபாரம் போச்சே” என்று புலம்புகிறோம். நாம் அடைத்ததால்தானே அவர்கள் சுற்றிப் போனார்கள்? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மிம்பரில் நின்று சொல்கிறோம். இறங்கி வந்து அந்த இடையூறையே கடை வாசலில் பரப்புகிறோம். வாடிக்கையாளர் நிம்மதியாக நடக்க வழி, வண்டி நிறுத்த இடம், பெண்களுக்குக் கழிப்பறை, சரியான எடை, நியாயமான விலை. இவை இருக்கிற கடைத்தெருவை விட்டுவிட்டு, தஞ்சாவூருக்கு டிக்கெட் எடுக்கிறவர் கொஞ்சம் யோசிப்பார்.

கடைசியாக ஒன்று. சாலையோரத்து நிலத்தை அவசரப்பட்டு விற்காதீர்கள். விற்றே ஆக வேண்டும் என்றால் உள்ளூரில் தொழில் செய்ய முன்வருகிறவருக்கு முதலில் சொல்லுங்கள். குத்தகைக்கு விடுங்கள், கூட்டாகக் கிட்டங்கி கட்டுங்கள். நிலம் போனால் திரும்ப வராது. பாதையோரத்து நிலம் போனால், அந்தப் பாதையால் வரும் லாபமும் அதோடு போய்விடும்.

சிந்தியுங்கள், சகோதரர்களே! 1894இல் நம் பாட்டனார்கள் கையில் செல்போன் இல்லை, கார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. நெல்லும், தங்கள் ஊர் தழைக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தன. இன்று நம்மிடம் எல்லாம் இருக்கின்றன. அகலப் பாதையும் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் ஊர் நிலையத்தில் ரயில் நிற்கும்போது, யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தது போதும். என்ன ஏறுகிறது என்று பாருங்கள். பார்சல் பெட்டியின் கதவு திறக்காமலே ரயில் புறப்பட்டால், அது நமக்கு ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உங்கள் ஊர் வியாபாரிகள் பத்துப் பேர் கலைந்து போகாமல் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒரு நோட்டை எடுத்து, நம் ஊரிலிருந்து ஒரு மாதத்தில் வெளியே போகும் சரக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்திலிருந்துதான் எல்லாம் தொடங்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், தொடங்குவோம்!